மணிக்கு மணி தளர்ந்த காகிதம்

காகித ஆலையின் சோதனை அறையில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. ஆலையில் எல்லோருக்கும் அவள் ‘லேப் அக்கா’. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். இயந்திரத்தில் ஒரு பெரிய உருளை சுற்றி முடிந்ததும், கடைசிச் சுற்றிலிருந்து ஒரு தாளை வெட்டி அவளிடம் கொடுத்துவிடுவார்கள். எடை, ஈரம், தடிமன் பார்த்து, கடைசியாக விறைப்பு பார்ப்பாள். ஒரு பட்டையை நறுக்கிக் கருவியில் செருகி வளைத்தால், அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று முள் காட்டும். அட்டைப்பெட்டி செய்கிறவர்களுக்கு அந்த எண்தான் உயிர்.

முப்பது கிலோமீட்டர் காகிதத்துக்கு ஒரே ஒரு தாளை வைத்துத் தீர்ப்பு. ஓடுகிற காகிதத்தை நிறுத்தி அளக்க வழியில்லை. அதனால், எதற்கும் இருக்கட்டும் என்று கூழைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவந்தார்கள்.

அந்தக் ‘கொஞ்சம் கூடுதல்’ அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. கூழைக் குறைத்தால் அதை உலர்த்தும் எரிபொருளும் மிச்சம். ஓடும்போதே அளக்கிற தொழில்நுட்பத்துக்கு எரிசக்தித் துறை நிதி தருவதாக அறிவித்தது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் லேசர் கருவி ஒன்று தயாராக இருந்தது. காகிதத்தின் மேல் ஒளியால் ஒரு தட்டு தட்டும். அந்த அதிர்வு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்து விறைப்பைச் சொல்லும். ஆனால் அது எந்த ஆலைக்குள்ளும் கால் வைத்ததில்லை. இரண்டு ஆலைகள் கைவிரித்த பிறகு, இந்த ஆலையின் மேலாளர் தலையாட்டினார். அரசு ஒரு நிபந்தனை வைத்தது: கருவி சொல்வதையும் கையால் அளப்பதையும் ஆறு மாதம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

கையால் அளக்க லேப் அக்காவை விட்டால் யார்?

“உன் வேலைக்கு நீயே குழி வெட்டச் சொல்றாங்க” என்றார் பள்ளி பஸ் ஓட்டும் அவள் கணவர்.

“வெட்டுறதுதான் வெட்டுறேன், அளந்து வெட்டுறேன்” என்றாள்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பெண்ணை எல்லோரும் ‘டாக்டர்’ என்றார்கள். முதல் இரண்டு மாதம் டாக்டர் பாடு திண்டாட்டம்தான். நீராவி லென்ஸை மூடியது. காகிதத் தூசி மீதியை மூடியது. மூன்றாவது மாதம் கருவியின் எண்ணும் லேப் அக்காவின் எண்ணும் ஒத்துவரத் தொடங்கின. நான்காவது மாதம் திரையில் ஒரு பள்ளம் தெரிந்தது. நேராகப் போகும் கோடு திடீரென்று தாழ்ந்து, பத்து நிமிடத்தில் மேலே வந்தது. பிறகு மறுபடியும் தாழ்ந்தது.

“கருவியிலதான் கோளாறு” என்று டாக்டர் இரண்டு நாள் லென்ஸைத் துடைத்தாள்.

“எத்தனை மணிக்கு விழுது?” என்று கேட்டாள் லேப் அக்கா.

“மணிக்கு மணி.”

லேப் அக்கா கூழ்ப் பிரிவுக்குப் போய் விசாரித்தாள். கழிவுத் தாளைத் திரும்பக் கரைத்த வலுக்குறைந்த கூழ், ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது தானியங்கிக் குழாய் வழியாகப் பத்து நிமிடம் கலக்கிறதாம். அடுத்த மணிக்குச் சரியாக ஒரு தாளை வெட்டச் சொல்லி வாங்கி வளைத்தாள். அவள் கருவியின் முள்ளும் தாழ்ந்தது.

டாக்டர் குதிக்காத குறை. லேப் அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஓர் ஆள் ஞாபகம் வந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் வாடிக்கையாளர்களிடம் பெட்டிகள் நசுங்கிப் பெரிய புகாரானது. சோதனை அறிக்கைகளைப் புரட்டியபோது, ஓர் ஆபரேட்டரின் காகிதம் மட்டும் தொடர்ந்து தளர்ந்திருந்தது. அவருக்குப் பட்டப்பெயர் மணிக்கூண்டு. தும்மினாலும் மணி பார்த்துத்தான் தும்முவார் என்பார்கள். மற்றவர்கள் வசதிப்படி முன்னே பின்னே உருளை மாற்றுவார்கள். அவர் மணி அடிக்கும்போது மாற்றுவார்; அதனால் சோதனைக்கு வந்த அவருடைய தாள் எப்போதும் அந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ‘இந்த ஆபரேட்டரின் காகிதம் தொடர்ந்து தரக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் லேப் அக்கா. அவரை இயந்திரத்திலிருந்து எடுத்து, பழைய காகிதக் கட்டுகளைக் கட்டும் கொட்டகைக்கு அனுப்பினார்கள். அதன்பின் சோதனை எண்கள் நன்றாக வந்தன. புகார்கள் மட்டும் நிற்கவில்லை. ‘உங்கள் கிடங்கில் ஈரம்’ என்று ஆலை பதில் எழுதிக்கொண்டிருந்தது.

பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தாள். மற்றவர்கள் தற்செயலாக மணிக்குச் சரியாக மாற்றிய உருளைகள் ஒன்பது. ஒன்பதும் தளர்ந்தவை. எல்லாம் அவள் கையெழுத்திலேயே இருந்தன. ஒருமுறைகூட அவள் சேர்த்துப் பார்த்ததில்லை.

டாக்டரோடு போய், ஒப்பீட்டு அறிக்கையில் இதையும் சேர்க்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னாள். “நீங்க அளந்தது சரிதானேம்மா? யார் உங்களைக் குத்தம் சொல்லப் போறாங்க?” என்றார் அவர்.

“அளந்தது சரி சார். எழுதினதுதான் தப்பு. காகிதத்தைப் பத்தி எழுத வேண்டியவ, ஆளைப் பத்தி எழுதிட்டேன்.”

“நிதி குடுக்குறவங்க படிக்கிற அறிக்கை இது. நம்ம பழைய அழுக்கை அங்க போய்த் துவைக்கணுமா?”

“இதைக் கண்டுபிடிக்கத்தானே சார் கருவி வச்சோம்” என்று டாக்டர் குறுக்கிட்டாள். “சரி, போட்டுடுங்க” என்றார் மேலாளர்.

டீ இடைவேளையில் லேப் அக்கா கொட்டகைக்குப் போனாள். மணிக்கூண்டு கையுறையைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

“மூணு வருஷமா என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தேன்” என்றார். “கண்ணு சரியில்லையோன்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிகூட மாத்தினேன்.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“வாயால சொல்லாதீங்க. அன்னைக்குக் காகிதத்துலதானே எழுதினீங்க? இதையும் அதுலயே எழுதிக் குடுங்க.”

அன்று மாலையே எழுதினாள். இரண்டு பக்கம் வந்தது. அடித்து நான்கு வரியாக்கினாள். மேலாளரும் கையெழுத்துப் போட, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடுத்த வாரம் மணிக்கூண்டு இயந்திரத்துக்குத் திரும்பினார். கழிவுக் கூழை எந்நேரமும் சிறிது சிறிதாகக் கலக்கும்படி குழாயை மாற்றியதும் பள்ளம் மறைந்தது. பெட்டி நசுங்குகிற புகார்களும் நின்றன. அரசு இரண்டாம் கட்ட நிதியையும் கொடுத்தது. கருவியைத் தினமும் கையால் அளந்த எண்ணோடு சரிபார்க்க வேண்டியிருந்ததால் லேப் அக்காவின் வேலைக்கும் ஆபத்து வரவில்லை.

மணிக்கூண்டு மட்டும் அவளிடம் வேலைப் பேச்சைத் தாண்டி ஒரு வார்த்தை பேசவில்லை. “நீயே போய்ப் பேசேன்” என்றார் கணவர். “அவருக்கு எப்பத் தோணுதோ அப்பப் பேசட்டும். தொலைஞ்ச மூணு வருஷம் அவரோடது” என்றாள்.

அடுத்த ஆண்டு இன்னொரு இயந்திரத்திலும் கருவி வைத்தபோது, ஆபரேட்டர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மணிக்கூண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகத் துளைத்தார்.

“ஓரத்துல வெட்டுற தாளும் நடுவுல வெட்டுறதும் காயும்போது ஒரே மாதிரி சுருங்கியிருக்குமா?”

அவள் யோசித்தாள். “தெரியலண்ணே. நான் பார்த்ததே இல்ல.”

“அப்போ பார்த்துடுவோம்” என்றார்.

மறுநாள் காலை ஓரத்திலிருந்து மூன்று, நடுவிலிருந்து மூன்று என்று ஆறு தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சோதனை அறைக் கதவைத் தட்டினார்.