துடுப்பு முழுசாக இருந்த விரால்

சோழவந்தான் பக்கம் எங்கள் கண்மாயில் விரால் அற்றுப்போனது புண் நோயால்தான். உடம்பெல்லாம் செம்புண்ணாகி, கரையோரம் செத்து மிதந்தன. அப்புறம் கெண்டையும் ஜிலேபி மீனும்தான். என் வீட்டுக்காரர் விராலை நினைத்துக்கொண்டே ஜிலேபியைத் தின்பார். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

மீன் ஆபீசிலிருந்து ஒரு பொம்பளப் பிள்ளை வந்தது. நோய் கண்டும் சாகாத விரால்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் குஞ்சுகளைக் கண்மாயில் விடப்போவதாகச் சொன்னது. என் கிணற்றில் அப்படிப் புண் ஆறிப் பிழைத்த இரண்டு கிடந்தன. கொடுத்தேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான்; ஆனாலும் என் விராலோட குஞ்சுதான் கண்மாய்க்குப் போகுதென்று ஊரில் நான் சொல்லாத ஆளில்லை.

குஞ்சுகளை விடும்போது அடையாளத்துக்கு வயிற்றுத் துடுப்பில் ஒன்றைக் கத்தரித்திருந்தார்கள்.

"ரெண்டு துடுப்பும் முழுசா ஒரு விரால் கிடைச்சா, அது இங்கயே பொறந்ததும்மா. அப்பத்தான் கண்மாய் பொழச்சுருச்சுன்னு அர்த்தம்" என்றது பிள்ளை.

இரண்டு வருஷம் யாரும் வலை போடவில்லை. மூன்றாம் வருஷம் மீன்பிடித் திருவிழா வைத்தோம். அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது, திருப்பி விடவும் கூடாது, குழம்பாகத்தான் வேண்டும். ஊர் வழக்கம்.

நான் ஒவ்வொருவர் விராலையும் புரட்டிப் புரட்டி வயிற்றைப் பார்த்தேன்.

"மீனுக்கு வைத்தியம் பாக்குறியளா மதினி?" என்றார் கரையில் நின்ற கொழுந்தன். திருவிழாவை நடத்துகிறவர் அவர்தான்.

எல்லாம் கத்தரித்தவை. அந்த நேரம் என் வீட்டுக்காரர் தண்ணீரில் கவிழ்த்த அடியில்லாத மீன்கூடைக்குள் ஓர் இளம் விரால் துள்ளியது. நானே இறங்கிக் கூடையின் மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் தடவினேன். இரண்டு துடுப்பும் இருந்தன.

"ஏங்க, இத விட்டுருங்க."

"எது, இதையா? பிடிச்சத விட்டா சாமி குத்தம்டி!"

"கரையேறுனாத்தான பிடிச்சது? நீங்க இன்னும் முழங்கால் தண்ணியிலதான நிக்கிறிய?"

அவர் தம்பியிடம் நியாயம் கேட்டார். கொழுந்தன் தாடையைச் சொறிந்தார்.

"மதினி சொல்றது சரிதாண்ணே. இன்னும் கரையேறலையே."

என் வீட்டுக்காரர் கூடையைத் தூக்கினார். மீன் அவர் காலுக்கு இடையில் நழுவிப் போனது.

"போறதப் பாரு. உன்னையக் கணக்கா, திரும்பிக்கூடப் பாக்கல" என்றார்.

பொழுது சாயும்வரை அவருக்கு வேறு விரால் சிக்கவில்லை. கெண்டைக் குழம்புதான் வைத்தேன். சாப்பிட்ட கையோடு ஆபீசர் பிள்ளைக்குப் போன் போட்டார்.

"முழுத்துடுப்பு விரால்தாம்மா. நாந்தான் கண்டுபிடிச்சு விட்டேன்."

பக்கத்தில்தான் இருந்தேன். பாவம், பேசிவிட்டுப் போகட்டும்.