சின்னுசாமி அண்ணனுக்கு நான் கொடுத்த லைன் கிளியர்

புதன்கிழமை காலை காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ராசம்மா அக்கா போனில் கூப்பிட்டார். "அவரு போயிட்டாருங்க" என்றார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

அவருடைய வீட்டுக்காரர் சின்னுசாமி அண்ணன் மலைமேல் ஆலத்தூர் நாட்டில் பிறந்து, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலே ஏறாத மலையில், மிளகு மூட்டை அடுக்கும் கொட்டகைக்குள், தான் வேலைக்குச் சேர்ந்த வருடத்து மீட்டர் கேஜ் பாதையைச் சின்னதாகக் கட்டி, அதில் பொம்மை ரயில் ஓட்டியவர். சில்வர் ஓக் குச்சிகளைச் சீவித் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைகள் செய்தார். அழகாக இருக்கட்டுமே என்று ஸ்டேஷன் வாசலில் நான் ஒரு பிளாஸ்டிக் வேப்பமரம் நட்டேன். "அந்த வருசம் அங்க மரம் இல்லீங்க கண்டக்டரே" என்று பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்றும் வந்தது.

ஞாயிறுதோறும் கொட்டகைக்கு வந்து வேடிக்கை பார்த்த நண்பர்களான உங்களுக்குத் தெரியும். ஒரு முனை ஸ்டேஷன் அவருடையது, மறுமுனை என்னுடையது. நடுவில் சாக்குப் படுதா. எட்டிப் பார்க்கக் கூடாது. அவர் மணியடித்து லைன் கிளியர் கேட்பார். பாதை காலியாக இருந்தால் மட்டும் நான் பதில் மணி அடிக்க வேண்டும். பிறகுதான் வண்டியை விடுவார். நான் பரபரத்தால், "லைன் கிளியர் இல்லீன்னா வண்டி நிக்கட்டுமுங்க. நிக்கிற வண்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்பார்.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். கடைசி சில மாதங்களாக அவருக்கு மறதி வந்திருந்தது. அவர் போவதற்குப் பத்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அவர் அனுப்பிய கூட்ஸ் வண்டி என் பக்கத்துச் சிமெண்டுக் குன்றுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அதை அனுப்பியதையே மறந்து, பாசஞ்சருக்கு லைன் கிளியர் கேட்டு மணியடித்தார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுத்தால் தன் மறதி அவருக்கே தெரிந்துபோகுமே என்று மனசு கேட்கவில்லை. கூட்ஸை ஓசைப்படாமல் கையால் தூக்கி என் ஸ்டேஷனில் வைத்துவிட்டுப் பதில் மணி அடித்தேன்.

பாசஞ்சர் நல்லபடியாக வந்து சேர்ந்தது. ஆனால் அண்ணன் எல்லா நேரத்தையும் நோட்டில் எழுதுகிறவர். கூட்ஸ் புறப்பட்ட நேரத்தையும் என் பதில் மணி நேரத்தையும் பார்த்துவிட்டுப் படுதாவை விலக்கினார். நாலு நிமிடம் பிடிக்கிற கூட்ஸ் ஒரே நிமிடத்தில் எப்படி வந்தது என்று கேட்டார். தூக்கி வைத்ததைச் சொன்னேன்.

"நான் மறந்துட்டேன்னு நீங்க சொல்லியிருக்கோணுமுங்க. உங்க மணிய நம்பித்தான நான் வண்டிய உடறேன்" என்றார். நான் அப்படியே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அவரே போன் செய்தார். "நாளைக்கு வாரீங்களா கண்டக்டரே?" குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் வெட்கம். சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாணம் இருக்கிறது என்றேன். கல்யாணமெல்லாம் இல்லை.

காரியங்கள் முடிந்த பிறகு ராசம்மா அக்கா கொட்டகையைத் திறந்துவிட்டார். கூட்ஸ் வண்டி, அன்றைக்கு நின்ற அதே இடத்தில், குன்றுக்குப் பின்னால் தண்டவாளத்தில் நின்றது. நான் போகாத ஞாயிற்றுக்கிழமை அண்ணனே எடுத்து வைத்தாராம்.

"கல்யாணத்த முடிச்சுட்டு எப்படியும் கண்டக்டரு வருவாரு, வந்து வண்டிய வாங்கிக்குவாருன்னு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாருங்க" என்றார் அக்கா.

கூட்ஸை மெதுவாக ஓட்டி என் ஸ்டேஷனில் சேர்த்தேன். அக்கா பக்கத்தில் இருந்தும் அழுகையை அடக்க முடியவில்லை. என்னை மன்னித்து அவர் கூப்பிட்ட அந்த ஒரு போன்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அதற்கும் நான் பொய்தான் சொன்னேன்.