இரண்டு பேராக ஓட்டிய கார்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். சர்ச் பூசைக்குக் கிளம்புவதற்குள் குழம்பைக் கூட்டிவிடலாம் என்று அவசரம். போன் அடித்தது. கமலவேணி டீச்சரின் மகன் செந்தில் சென்னையிலிருந்து பேசினான். "ஆன்ட்டி, அம்மா இறந்துட்டாங்க. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரம்கூட இல்ல" என்றான். அப்பா எங்கே என்று கேட்டேன். "அங்கதான் இருக்காரு. காருக்குள்ள உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குறாராம். நான் வந்து சேர மத்தியானம் ஆயிரும். நீங்க போய்ப் பாருங்க ஆன்ட்டி."

ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. டீச்சரின் கணவர் தங்கராசு சார் ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்குக் கீழே டீச்சரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. நான் கண்ணாடியைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைத் திறக்கவில்லை.

எங்கள் பள்ளியில் டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கும் அந்தக் காரைத் தெரியும். அதைப் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்துதான் ஓட்டுவார்கள் என்பதும் தெரியும். ஏன் அப்படி ஒரு வண்டியை வாங்கினார்கள் என்பது மட்டும் தெரியாது. துக்க வீட்டில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து, "கியர் இல்லாத வண்டி வாங்கியிருந்தா அந்தம்மா பொழைச்சிருக்கும்" என்று பேசியவர்கள் உண்டு. சாருக்குக் கேட்கிற தூரத்தில்தான் பேசினார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று சாரிடம் கேட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பறை எங்களுக்கு. நான் தமிழ், அவர் கணக்கு. ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வார். அது பாதியில் முழித்துக்கொண்டு நிற்கும். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஒருமுறை நான் பொறுக்கமுடியாமல், "சொல்லிக் குடுத்தாத்தான் என்ன டீச்சர், பாவம்ல" என்றேன். "அவ கேக்கட்டும், சொல்றேன். கேக்காம சொன்னா அது என் கணக்கு ஸ்டெல்லா, அவ கணக்கு இல்ல" என்றார். எனக்கு அப்போது அது வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் செம்பட்டி ரோட்டில் ஆடு குறுக்கே வந்து, தங்கராசு சார் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார். தோளில் நரம்பு அறுந்துவிட்டது. மதுரையில் எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தார்கள். இடது கை எழும்பவே இல்லை. தாலுகா ஆபீசில் எழுத்து வேலை என்பதால் உத்தியோகம் தப்பித்தது. ஆனால் மனிதர் மாறிப்போனார். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். துவைத்த துண்டின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை ஒற்றைக் கையால் முறுக்கிப் பிழிவார். சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகும். டீச்சர் கை கொடுக்கப்போனால் சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார். தாகமாக இருந்தால்கூடத் தானே எழுந்து போய் மொண்டு குடிப்பார். அந்த வீட்டில் டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து என் மகனுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்துக்கு ஆடு வாங்க அய்யலூர்ச் சந்தைக்குப் போனோம். என் தம்பி அமல்ராஜின் பழைய கார், அவன்தான் ஓட்டினான். ஆடு பார்த்துப் பழக்கமுள்ளவர் என்று சாரையும், சாரைத் தனியே விடமாட்டார் என்பதால் டீச்சரையும் அழைத்துப் போயிருந்தோம். நாங்கள் பேரம் பேசி முடித்த நேரத்தில், யாரோ கட்டி வைத்திருந்த கிடா ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து தம்பியின் முழங்காலில் ஒரே முட்டு. அவனால் காலை ஊன்ற முடியவில்லை. சாரை விட்டால் எங்களில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. உத்தியோகத்துக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டியவர் அவர்.

வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பேசாமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "வேணி, இங்கிட்டு வந்து உக்காரு. நான் மிதிச்சுக்கிட்டுச் சொல்வேன். சொன்னதும் இந்தக் கியர்க் கம்பிய முன்னாடி தள்ளு" என்றார். டீச்சருக்குப் பதற்றம். அவர் மிதிப்பதற்கு முன்னாலேயே தள்ளிவிட்டார். வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. பின்னால் என் காலடியில் கிடந்த ஆடும் சேர்ந்து கத்தியது. "நான் கேட்டப்புறம் போடுடி!" என்று சார் கத்தினார். டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டு வாங்கிய முகமாகவே இல்லை அது. வடமதுரை தாண்டுவதற்குள் இரண்டு பேருக்கும் கை வந்துவிட்டது. அவர் "ரெண்டு" என்பார், இவர் போடுவார். "மூணு" என்பார், போடுவார். நியூட்ரலுக்கு "சும்மா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது வீடு போய்ச் சேருமா?" என்று என் காதில் கேட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு செந்திலுக்கு நல்ல வேலை கிடைத்து, அப்பாவுக்குக் கார் வாங்கித் தருவதாகச் சொன்னான். விவரமான பிள்ளை, கியர் மாற்றத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்று மதுரையில் இருப்பதாக விசாரித்து வைத்திருந்தான். எல்லோருமாகப் பார்க்கப் போனோம். சார் ஒற்றைக் கையால் அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "பாத்தீங்களா, அப்பா யார் தயவும் இல்லாம தனியாவே போய்க்கலாம்" என்றான் செந்தில். டீச்சர், "அது வேணாம், கியர் வண்டியே வாங்கு" என்றார். மகனிடம், "அது ரிப்பேரானா நம்ம ஊர்ல பாக்க ஆள் இல்ல, மதுரைக்குக் கட்டி இழுக்கணும்" என்று காரணம் சொன்னார். சாரிடம், "பேட்டரி இறங்கிட்டா அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதாம்" என்றார். என் தம்பியிடம், "சிறுமலை ஏத்தத்துக்கு அது சரிப்படாது" என்றார். அவர் சிறுமலைக்குப் போனது வாழ்க்கையிலேயே ஒரே ஒருமுறை, அதுவும் பஸ்சில். சார் அந்த ஆட்டோமேட்டிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வேணி சொல்றபடியே செய்யி" என்றார்.

எனக்குக் கோபம். ஒரு மனிதர் தன் காலில் நிற்க ஒரு வழி வந்தால் அதையும் அடைப்பதா? அந்த மாதமே காந்திகிராமத்தில் எங்கள் இருவருக்கும் பயிற்சி வகுப்பு. மத்தியானம் வேப்பமரத்தடியில் எலுமிச்சைச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு நேராகவே கேட்டேன்: "உங்களுக்கு என்ன கிறுக்கா டீச்சர்?"

அவர் சோற்றில் கிடந்த கருவேப்பிலையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சொன்னார்: "கை போனதுல இருந்து அந்த மனுசன் என்கிட்ட வாயத் திறந்து கேக்குறது அது ஒண்ணுதான் ஸ்டெல்லா. ஒண்ணு, ரெண்டு, மூணு. அம்புட்டுத்தான். தண்ணி கேக்க மாட்டாரு. முதுகு தேய்ச்சுவிடச் சொல்ல மாட்டாரு. இதையும் ஒரு மெசினு செஞ்சுட்டா அந்த வீட்டுல நான் எதுக்கு?" சோற்றைப் பிசைந்துகொண்டே, "இத அவருகிட்டச் சொல்லிறாத. தெரிஞ்சா அதையும் கேக்க மாட்டாரு" என்றார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அப்புறம் அந்தக் கார் அடித்த கூத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சார், "செம்பட்டி வரைக்கும் போயி ஒரு டீ குடிச்சுட்டு வருவோமா?" என்று கிளப்புவார். திண்டுக்கல்லில் டீக்கடையே இல்லையா என்று நான் கேலி செய்வேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "யாருய்யா இங்க டிரைவர்?" என்று கேட்டதற்கு டீச்சர், "பாதி அவரு, பாதி நானு" என்றார். போலீஸ்காரர் சிரித்துவிட்டு, போங்கள் என்று கையை அசைத்துவிட்டார். சட்டப்படி சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன வேனில் முன்சீட்டில் உட்கார்ந்த டீச்சர், டிரைவர் கிளட்ச்சை மிதிக்கும் சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் கியரைப் பிடித்துவிட்டார். "ஏம்மா, கையெடுங்கம்மா!" என்று அந்த ஆள் அலறியதைச் சொல்லிச் சொல்லி ஸ்டாஃப் ரூமில் ஒரு வருஷம் சிரித்தோம்.

அவர்களோடு நான் பின்சீட்டில் போயிருக்கிறேன். சில சமயம் சார் வேண்டுமென்றே பேசாமல் வருவார். இன்ஜின் முக்கும், எனக்கே அடுத்த கியர் போடவேண்டும் என்று தெரியும். "போடுங்களேன் டீச்சர்" என்பேன். டீச்சர் கையைக் கியரின் மேல் வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "கேக்கட்டும்" என்பார். சார் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "சரி சரி, மூணு" என்பார்.

கடைசி நாள் காலையில் டீச்சர் காபி போடும்போது நெஞ்சை அடைக்கிறது என்றிருக்கிறார். சார் தெருமுனைக்கு ஆட்டோ பிடிக்க ஓடப்போனார். "ஆட்டோ எங்க தேடுவீங்க, வண்டிய எடுங்க" என்றாராம். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கைதான் கியர் போட்டிருக்கிறது. வாசலில் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்திருந்தால் அவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போயிருக்கலாம். அது உண்மைதான். அதனால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் இப்படியும் சொல்லவில்லை, அப்படியும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. பந்தலில் பேசியவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் போனேன். சார் வீட்டு வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரமாக இப்படித்தான், சரியாகச் சாப்பிடுவதில்லை, வண்டியை விற்றுவிடப்போகிறேன் என்றான் செந்தில். நான் போய் இடது பக்கக் கதவைத் திறந்து டீச்சரின் சீட்டில் உட்கார்ந்தேன். "நான் ஒவ்வொரு கியராக் கேட்டேன், அவ போட்டுக்கிட்டே செத்தா" என்றார் சார், என்னைப் பார்க்காமல். என்னால் தாங்கமுடியவில்லை. டீச்சருக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். காந்திகிராமத்தில் அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றார் சார். "மதுரையில அந்த வண்டிய ஓட்டிப் பாத்தேன்ல. பக்கத்து சீட்டு காலியாக் கிடந்துச்சு. ஒண்ணும் கேக்க வேண்டியதே இல்ல. அப்பவே மனசுக்குள்ள வேணாம்னுட்டேன். வாயத் திறக்கத்தான் மானம் தடுத்துச்சு. அவளே வேணாம்னு சொன்னதும் சரின்னு ஒட்டிக்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "செம்பட்டி டீ என்ன அம்புட்டு நல்லாவா இருக்கும்? வெறும் சீனித் தண்ணி. அவகிட்ட வேற எப்படிக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

நான் அழுதேன். அவர் சாவியைத் திருகினார். வண்டி கிளம்பியது. கிளட்ச்சை மிதித்தார். என் கை கியரின் மேல் இருந்தது; எத்தனையோ தடவை பின்னாலிருந்து பார்த்ததுதான், எங்கே தள்ளவேண்டும் என்று தெரியும். அவர் பேசவில்லை. கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். வாசலில் செந்தில் புரியாமல் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"ஒண்ணு" என்றார் சார்.

போட்டேன். தெருமுனை வரைக்கும்தான் போய்த் திரும்பினோம். இறங்கும்போது செந்திலைப் பார்த்து, "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார். அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. உள்ளே போய்ச் சொம்பில் கொண்டுவந்தான். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தி காத்திருந்த வார்த்தை அது. அவர் மடமடவென்று குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கமலவேணி டீச்சரின் சேலையோ, புத்தகமோ, படமோ என்னிடம் ஒன்றும் இல்லை. கரும்பலகை முன்னால் ஒரு பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கும்போது இப்போது நானும் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். நாக்கு நுனியில் விடை நிற்கிறது. "கேக்கட்டும்" என்கிறார் டீச்சர். சரி என்று நிற்கிறேன்.