வருஷம் போடாத பாட்டில்

செங்கம் ரோட்டில் நான் தங்கியிருக்கும் விடுதியில் மது கூடாது. அதனால் விடுதிக்காரர் கஸ்தூரி, “வீட்ல வேணாங்க, நம்ம நிலத்துக்குப் போயிடலாம்” என்று எங்களை அடி அண்ணாமலைக்குக் கூட்டி வந்திருக்கிறார். மாலை வெயிலில் கடலை வயலோரம் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து அறை மரியான் பிரான்சுக்காரர். கணவர் இறந்த பிறகு வரும் முதல் திருமண நாள் இது. வருடந்தோறும் இந்த நாளில் இருவரும் குடித்த ஷாம்பெயினைத் துணி சுற்றி எடுத்து வந்திருக்கிறார்.

கஸ்தூரி பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறார். “வருஷமே போடலியேங்க?”

மரியான் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்கிறேன். பல வருடத்து ஒயின்களைக் கலந்து செய்கிறார்கள். மழை கூடினாலும் குறைந்தாலும் ருசி மாறக் கூடாது என்பதற்காக.

“அப்போ வீட்டுக்காரரோட குடிச்ச அதே ருசி இப்பவும் இருக்குமா?”

“இருந்தால் தாங்குவேனா என்று தெரியவில்லை” என்கிறார் மரியான். பாட்டில் நெடுநேரம் அவர் மடியிலேயே இருக்கிறது.

“சூடு ஏறிடப் போவுது. தொறங்க.”

எவர்சில்வர் டம்ளரில் நுரை பொங்கி அடங்குகிறது. முதலில் பச்சை ஆப்பிளின் புளிப்பு, பிறகு எலுமிச்சைத் தோலின் லேசான கசப்பு. விழுங்கிய பின் வாட்டிய ரொட்டியின் மணம் நிற்கிறது.

மரியான் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடுகிறார். “அதேதான்.” கன்னம் நனைகிறது. ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

குடிக்காத கஸ்தூரி எழுந்து ரோட்டுக்குப் போய், எங்களுக்காக நிற்கும் ஆட்டோக்காரரிடம் சொல்கிறார். “இன்னும் நேரம் ஆவுங்க. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க.”