கிம்ச்சி பெட்டியில் வைத்த மாவு

அம்மாவும் மிரானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, இருபது கிலோ கோதுமை மாவை டப்பாக்களில் நிரப்பி, பூண்டு சேர்த்துப் புளிக்கவைக்கும் கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை வைக்கும் குளிர்பெட்டியில் அடுக்கியது.

"ரொட்டியெல்லாம் பூண்டு நாறும்டி."

"ரப்பர் வளையம் போட்ட மூடிம்மா. குளிர்பெட்டி இன்ஜினியர் நான் சொல்றேன்."

"இன்ஜினியருக்கு மூக்கு கிடையாதாக்கும்!"

நாளை அம்மா இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் படையல். அந்த மாவில் ரொட்டி சுட்டு வைக்க மிரான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள். எல்லாவற்றிலும் பூண்டு வாடை. பூண்டு மணக்கும் படையலுக்கு இறந்தவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. கடைசி டப்பாவும் நாறியபோது அவள் தரையில் சரிந்து, கதவில் தொங்கிய அம்மாவின் சமையல் மேலங்கியால் முகத்தை மூடி அழுதாள்.

அதன் பையில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: "மூடி ரப்பர் தேஞ்சு போச்சு. மிரானுக்குத் தெரியாம புதுசு வாங்கணும்."