வாப்பா நடந்த தண்டவாளம்

வாப்பா கதவருகே வந்தாலே நான் போட்டதைப் போட்டபடி அவரிடம் ஓடுவேன். வீட்டுக்குள் எப்படியோ தேய்த்துத் தேய்த்து நடந்து வருபவருக்கு, நிலைப்படியைக் கண்டதும் இரண்டு பாதமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னால் சாயும். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வது என் வேலை. பத்து வயதுப் பையன் தாங்குகிற உடம்பா அது? இரண்டு தடவை என்னையும் சேர்த்துக்கொண்டுதான் விழுந்தார்.

எதிரே இருந்த மளிகைக்கடைக்காரருக்கு அது வேடிக்கை. “என்ன அண்ணாச்சி, வாசல்ல பசை தடவியிருக்காவளா?” என்பார். வாப்பா சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். கை நடுக்கத்தோடு முகமும் மரத்துப்போயிருந்தது. வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் பேச்சு கேட்கும். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, வாப்பாவைக் காக்கா என்று கூப்பிடும் அவர் தம்பி, எங்கள் சாச்சா, மாதம் ஒரு டானிக் பாட்டில் வாங்கி வருவார். உம்மா ஓதிய தண்ணீர் கொடுப்பாள். வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் வாப்பாவைக் கொல்லையில் நாற்காலியில் உட்காரவைத்து, என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு உம்மா தொழப் போனாள். தண்ணீர் குடிக்க உள்ளே போனவன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தேன். நாற்காலி காலி. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் உடைமரங்கள், அவற்றைத் தாண்டினால் ரயில் தண்டவாளம்.

வாப்பா தண்டவாளத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தார். குறுக்கே கிடந்த சிலீப்பர் கட்டைகளில், ஒரு கட்டைக்கு ஒரு எட்டாக வைத்து, முதுகு நிமிர்ந்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி. ஒரு இடத்திலும் கால் நிற்கவில்லை. நாகர்கோவில் வண்டி வருகிற நேரம். நான் பக்கத்து வீட்டுக்கு ஓடி, “சாச்சா, வாப்பா தண்டவாளத்துல...” என்று அழுதேன்.

சாச்சா பாய்ந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே இழுத்தார். கொஞ்ச நேரத்தில் வண்டி கடந்தது. மண்ணில் கால் பட்டதும் வாப்பாவின் பாதங்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

“சாவப் போறதுக்கு மட்டும் காலு நல்லா வருதோ காக்கா? மார்க்கத்துல இதுக்கு மன்னிப்பு உண்டுமா? ஒங்களுக்கு என்ன கொற வச்சோம்?” சாச்சா தலையில் அடித்துக்கொண்டார். வாப்பாவின் உதடு அசைந்தது. சாச்சாவின் அழுகையில் ஒன்றும் கேட்கவில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. சாகத் துணிந்துவிட்ட மனிதனின் முகம் அது என்று, பின்னாலேயே ஓடி வந்த உம்மாவே சொன்னாள்.

வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்கவைத்த பிறகு, வாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். காதருகே, “நீ பாத்தியாலே?” என்றார்.

காட்டிக்கொடுத்ததற்குத்தான் கேட்கிறார் என்று பயந்து, “நான் பாக்கல வாப்பா” என்றேன். அவர் கை சட்டையை விட்டுவிட்டது.

மறுநாளே கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது. ஆள் காவல் வேண்டுமென்று, ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது.

எத்தனையோ காலம் கழித்து, இந்த வருடம் என் காலும் ஒட்ட ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டர் தரையில் ஒரு எட்டுக்கு ஒரு கோடாக வெள்ளை டேப் ஒட்டி, “கோட்டைத் தாண்டித் தாண்டி வாங்க” என்றார். கடகடவென்று நடந்தேன். மூளை தானாக நடக்கச் சொல்கிற வழி அடைபட்டுப்போகும், கோட்டைக் கண்ணால் பார்த்தால் வேறு வழியாக உத்தரவு போகும் என்றார் அவர். எனக்கு அந்தச் சிலீப்பர் கட்டைகள் நினைவுக்கு வந்தன.

பூட்டிய அந்த வீட்டில் வாப்பா சாகும்வரை மூன்று வருடம் இருந்தார். ரயில் சத்தம் கேட்டால் பின்பக்க ஜன்னலைக் காட்டுவார். நான் நாற்காலியை அங்கே நகர்த்திப்போடுவேன். ரயில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். கடைசிப் பெட்டியும் மறைந்த பிறகு, “வண்டி போயாச்சு, வாப்பா” என்று நாற்காலியை இழுப்பேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஜன்னல் கம்பியை விட மாட்டார்.