மலையை ஆளும் தோக்தோசுன்

தோக்தோசுன் புல்லில் மல்லாந்து படுத்திருக்கிறார். கொஞ்சம் தள்ளி நின்று அவர் மனைவி உம்சுனாய் பார்க்கிறாள்.

"தெரியுறேனா?"

"தொப்பை தெரியுது."

"தொப்பையை விடு. மூக்கு?"

"அதுவும் தெரியுது. எந்திரிங்க, ஊரே சிரிக்குது."

அப்படியென்றால் மேய்ச்சல் இன்னும் திறக்கவில்லை. அவர் மூக்கைப் புல் மறைத்தால்தான் ஆடுகள் மேலே போகலாம். வசந்தம் முழுக்கக் காலையில் இதுதான் அவர் வேலை.

முன்பெல்லாம் மலைக்கு அனுமதி நரின் நகரத்திலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் செல்வாக்குள்ளவன் மந்தை மேய்ந்து முடித்திருக்கும். பிறகு அரசாங்கம், உங்கள் மலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிராமங்களிடம் கொடுத்துவிட்டது. இவர்கள் ஊரான கோக்ஜாரின் ஊர்க்கூட்டத்தில் மேய்ச்சல் தலைவர் பதவிக்கு ஒரே அடிதடி. ஆடு வைத்திருந்தவனை ஆடு வைத்திருந்த இன்னொருவன் நம்பவில்லை. கடைசியில், கழுதை ஒன்றைத் தவிர கால்நடையே இல்லாத தோக்தோசுனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். டிராக்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர் மலையை ஆளத் தொடங்கினார்.

உள்ளுக்குள் அவருக்குப் பயம். மந்தைகள் முந்திப்போய் இளம்புல்லை மிதித்துவிட்டால், பனி விழுமுன் பாதி ஊர் ஆட்டை விற்க வேண்டியதுதான். பக்கத்து ஊரில் அப்படித்தான் ஆனது. ஆண்கள் மாஸ்கோவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்கள்.

போன வாரம் மூடிய மேய்ச்சலில் புகுந்தது அவருடைய கழுதையேதான். தோக்தோசுன் தானே அதைப் பிடித்து, ஊர்மன்றப் பட்டியில் தானே அடைத்தார்.

"சொந்தக் கழுதையை யாராவது ஜெயில்ல போடுவாங்களா?" என்றாள் உம்சுனாய்.

"யாரோட கழுதைன்னு புல்லுக்குத் தெரியுமா?"

மறுநாள் அவருடைய அக்காள் கணவர் ஓஸ்கோன்பாய், ஊரிலேயே பெரிய மந்தையோடு அடிவாரத்துக்கு வந்துவிட்டார்.

"மச்சான், மலையே உன் கையில. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லேன்."

"மாமா, என் கழுதை உள்ள இருக்கு. உங்க ஆட்டை மேல விட்டா, கழுதை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

ஓஸ்கோன்பாய் வாய்விட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களுடைய சின்ன மந்தைகளும் கீழேதான் காத்திருந்தன. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குதிரையைத் திருப்பினார்.

மாலையில் கழுதை ஊரே கேட்கக் கத்தியது. தண்டனை முடிந்துவிட்டது, ஆனால் விடுவிக்கத் தலைவரின் உத்தரவு வேண்டும். தோக்தோசுன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, பூட்டிக் கிடந்த தன் அலுவலகத்துக்கு வந்தார். சாவி அவர் பையில்தான் இருந்தது. தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு கதவை மெல்லத் தட்டினார். பிறகு ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று காத்திருந்தார்.